நிற்கும் வண்டிக்கு நிலையான சார்ஜர்: ஒரு நிகழ்வு ஆய்வு

பராமரிப்புப் பொறுப்பு என்னிடம் இருந்த ஒரு டீசல் வேனைப் பற்றியது இந்த ஆய்வு. நிறுவனத்தின் மற்ற வண்டிகளில் ஒன்று பழுதாகும்போதோ, ஒரே நாளில் இரண்டு பயணங்கள் குறுக்கிடும்போதோ மட்டும் எடுக்கப்படும் மாற்று வண்டி அது. ஆறு, ஏழு வாரங்களுக்கு ஒருமுறை வெளியே போகும். போகும் நாளில் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் ஓடித் திரும்பும். மற்ற நாள்களில் இரண்டு கொட்டகைகளில் ஏதாவது ஒன்றில் நிற்கும். எஞ்சின், டயர், பிரேக் எதிலும் குறை இல்லாத அந்த வண்டி, தேவைப்பட்ட நாளில் மட்டும் ஸ்டார்ட் ஆகாது. மாற்று வண்டி என்று ஒன்றை வைத்திருப்பதன் பொருளே இதனால் போய்விடுகிறது என்பதே புகாரின் சாரம்.

வண்டியில் இருந்தது 70 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள (அதாவது ஓர் ஆம்பியரை ஏறத்தாழ 70 மணி நேரம் தரக்கூடிய), தண்ணீர் ஊற்றும் வகை 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி. முதல் பேட்டரி 26 மாதங்களில் போனது. அதற்குப் பதிலாக வைத்தது 19 மாதங்களில் போனது. இரண்டு முறையும் கோப்பில் "பேட்டரியின் தரம் சரியில்லை" என்று எழுதப்பட்டிருக்கிறது, இரண்டாவது குறிப்பில் கையெழுத்து என்னுடையது. மூன்றாவது பேட்டரி வாங்கி ஏழு மாதங்கள் ஆனபோது, ஒரு காலையில் அதன் மின்னழுத்தம் 11.4 வோல்ட் என்று மீட்டர் காட்டியது. நிறைந்த பேட்டரி ஓய்வில் 12.6 முதல் 12.7 வோல்ட் வரை காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் ஏறத்தாழ கால் பங்கு, 11.8க்குக் கீழே போனால் எடுப்பதற்கு எதுவும் மீதி இல்லை. அந்தக் காலையில்தான், மூன்று பேட்டரிகளும் ஒரே மாதிரி மோசமாக இருக்க முடியுமா என்ற கேள்வி எனக்கு எழுந்தது. காலம் கடந்த கேள்விதான்.

வண்டிக்கு எதுவும் செய்யப்படவில்லை என்று சொல்ல முடியாது. கையடக்க சார்ஜர் ஒன்று அலமாரியில் இருந்தது; நினைவு வரும்போது யாராவது அதைக் கொண்டுபோய் மாட்டுவார்கள். அத்துடன், வாரத்துக்கு ஒருமுறை எஞ்சினை 15 நிமிடம் நின்ற இடத்திலேயே ஓட விட வேண்டும் என்ற உத்தரவும் இருந்தது, பெரும்பாலும் அது கடைப்பிடிக்கவும் பட்டது. இந்த இரண்டும் ஏன் போதவில்லை என்பதை அளந்து பார்க்காமல் மூன்றாவதாக ஒரு கருவியைப் பொருத்துவது சரியல்ல என்று முடிவு செய்தேன்.

சார்ஜ் போகும் வழி

நிற்கும் வண்டி மின்சாரம் எடுக்காமல் இருப்பதில்லை. கதவுப் பூட்டின் ரிமோட்டுக்குக் காது கொடுத்துக் காத்திருக்கும் ரிசீவர், அலாரம், கடிகாரம், கணினி அலகுகளின் நினைவகம் எல்லாம் சேர்ந்து இன்றைய வண்டிகளில் பொதுவாக 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை எடுத்துக்கொண்டே இருக்கும். இதை அளக்கும்போது பலர் செய்யும் பிழை அவசரம். கதவைத் திறந்ததும் பல அலகுகள் விழித்துக்கொண்டு 3, 4 ஆம்பியர்கூட இழுக்கும். அவை மீண்டும் உறங்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். எனவே கதவுகளின் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் மடக்கி, கதவு மூடியிருப்பதாக வண்டியை நம்ப வைத்து, சாவியை எட்டத்தில் வைத்துவிட்டு, நெகட்டிவ் வயரைச் சுற்றி டிசி கிளாம்ப் மீட்டரை மாட்டி 40 நிமிடம் காத்திருந்தேன். அதற்குப் பிறகும் மீட்டர் 85 மில்லி ஆம்பியரிலேயே நின்றது.

எந்தச் சுற்று இழுக்கிறது என்று பார்க்க ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது பழைய வழக்கம். ஆனால் பிடுங்கிச் செருகும்போதெல்லாம் உறங்கும் அலகுகள் விழித்து அளவீட்டைக் கெடுத்துவிடும். அதைவிட, ஒவ்வொரு ஃபியூஸின் முதுகிலும் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மீட்டர் முனைகளை வைத்து மில்லிவோல்ட்டில் அளப்பது நல்லது. மின்னோட்டம் இல்லாத ஃபியூஸில் பூஜ்யம் காட்டும். ஓட்டம் இருந்தால் ஃபியூஸின் சிறு மின்தடையால் ஒரு சிறு அளவு காட்டும். இந்த வண்டியில் ஆடியோவுக்கான 10 ஆம்பியர் ஃபியூஸ் 0.4 மில்லிவோல்ட் காட்டியது. டேஷ்போர்டைத் திறந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. பிற்பாடு பொருத்தப்பட்ட ஆடியோ செட்டில், நினைவகத்துக்கான மஞ்சள் வயரையும் சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் வர வேண்டிய சிவப்பு வயரையும் சேர்த்து முறுக்கி ஒரே இணைப்பில் கொடுத்திருந்தார்கள். சாவியை எடுத்தாலும் செட் முழுமையாக அணையாமல் அரைத்தூக்கத்தில் கிடந்திருக்கிறது. சிவப்பு வயரைப் பிரித்து உரிய இடத்தில் இணைத்ததும் கசிவு 28 மில்லி ஆம்பியராகக் குறைந்தது.

இந்த இடத்தில் வேலையை நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்காகக் கணக்கைச் சொல்கிறேன். 85 மில்லி ஆம்பியர் என்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 ஆம்பியர்-மணி. அதன்படி 17 நாளில் பேட்டரி பாதியாகும், ஐந்தாவது வாரத்தில் காலியாகும். 28 மில்லி ஆம்பியர் என்பது நாளுக்கு 0.67 ஆம்பியர்-மணி. இதனுடன் பேட்டரி தனக்குள்ளேயே இழப்பதையும் சேர்க்க வேண்டும். தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி 25 டிகிரி செல்சியஸில் மாதத்துக்கு 3 முதல் 5 விழுக்காடு வரை தானாகவே இழக்கும். வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் அந்த வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இதை நாளுக்கு 0.1 ஆம்பியர்-மணி என்று கொண்டால், மொத்த இழப்பு 0.77; பேட்டரி பாதியாவதற்கு 45 நாள். இந்த வண்டி நிற்கும் காலமும் ஏறத்தாழ அதுவேதான். ஆக, கசிவைச் சரிசெய்தது வண்டியை ஸ்டார்ட் ஆக வைத்ததே தவிர, பேட்டரியைக் காப்பாற்றப் போதுமானதாக இல்லை.

வாரத்துக்கு 15 நிமிடம் எஞ்சினை ஓட விட்டதன் கணக்கு இன்னும் வருத்தத்துக்குரியது. ஸ்டார்ட் செய்வதுதான் பேட்டரியைக் காலி செய்கிறது என்று நினைப்பவர்கள் அதிகம். ஸ்டார்ட்டர் 250 ஆம்பியரை 4 விநாடி இழுத்தாலும் அது 0.3 ஆம்பியர்-மணிக்கும் குறைவு. ஸ்டார்ட் செய்வதற்கு முன் டீசல் எஞ்சினைச் சூடாக்கும் குளோ பிளக்குகள் எடுப்பதையும் சேர்த்தால் 0.4 என்று வைத்துக்கொள்ளலாம். வண்டி சும்மா நிற்கும் ஒரே நாள் அதைவிட அதிகம் தின்கிறது. எஞ்சின் நின்ற இடத்தில் ஐடிலில் ஓடும்போது, அது சுழற்றும் மின்னாக்கியான ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரி சராசரியாக 20 ஆம்பியர் வாங்கிக்கொண்டது என்று தாராளமாகவே கணக்கிட்டாலும், 15 நிமிடத்தில் ஏறுவது 5 ஆம்பியர்-மணி. பழைய கசிவு இருந்த காலத்தில் வாரத்துக்கு 14, 15 ஆம்பியர்-மணி போய்க்கொண்டிருந்தது. கசிவைக் குறைத்த பிறகும் வாரத்துக்கு 5.4 போகிறது, திரும்புவது 4.6தான். இதற்கு மேல், எஞ்சின் முழுச் சூடு ஏறாமல் அணைக்கப்படுவதால் எரிதலில் உண்டாகும் நீராவி எண்ணெயிலும் சைலன்சரிலும் படிந்து தங்குகிறது. இந்த உத்தரவை நான் திரும்பப் பெற்றபோது ஓட்டுநர்களிடம் காரணம் சொல்லத்தான் அதிக நேரம் பிடித்தது. வண்டியை வாரம் ஒருமுறை உறுமவிட்டால் அது நலமாக இருக்கும் என்ற நம்பிக்கை அவ்வளவு எளிதில் போவதில்லை.

பாதி காலியாக நிற்பதில் என்ன கெடுதல் என்பதற்கு விடை பேட்டரியின் வேதியியலில் இருக்கிறது. 1859இல் காஸ்டன் பிளாண்டே ஈயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்டு செய்த அமைப்பின் அடிப்படை இன்றும் மாறவில்லை. மின்சாரம் வெளியேறும்போது இரு தகடுகளிலும் ஈய சல்பேட் நுண்ணிய படிகங்களாக உருவாகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வாரக்கணக்கில் விட்டுவைத்தால் சிறு படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களுடன் சேர்ந்து இறுகும், பிறகு வழக்கமான சார்ஜுக்கு அவை இசைவதில்லை. அந்த அளவுக்கு பேட்டரியின் கொள்ளளவு நிலையாகக் குறைகிறது. முந்தைய இரண்டு பேட்டரிகளையும் கொன்றது தொழிற்சாலைக் குறை அல்ல, இந்தக் காத்திருப்புதான் என்று கோப்பில் திருத்தி எழுதினேன்.

வேறு வழிகளும் தேர்ந்த வழியும்

மிக எளிய தீர்வு, நெகட்டிவ் டெர்மினலில் ஒரு துண்டிப்புச் சுவிட்சை வைப்பது. மின்னணு அலகுகள் அதிகம் இல்லாத பழைய வண்டியாக இருந்திருந்தால் நான் அதைத்தான் பரிந்துரைத்திருப்பேன். பேட்டரியின் சொந்த இழப்பு மட்டுமே மிஞ்சும், இரண்டு மாதத்துக்கு 6 ஆம்பியர்-மணி ஒரு பொருட்டல்ல. ஆனால் இந்த வேனில் துண்டித்தால் மையப் பூட்டும் அலாரமும் போய்விடும், கண்ணாடி ஏற்றி இறக்கும் அமைப்பை ஒவ்வொரு முறையும் மீண்டும் பழக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டியை நிறுத்திவிட்டுப் போகிறவர் சுவிட்சைத் திருப்ப மறக்கக் கூடாது. கையடக்க சார்ஜர் தோற்றதும் இந்த மறதியால்தான். சூரியத் தகடு கூரைக்கடியில் நிற்கும் வண்டிக்கு உதவாது என்பதால் அதைப் பற்றி மேலும் யோசிக்கவில்லை.

சார்ஜரைச் சுவரில் பொருத்துவதா, வண்டிக்குள் பொருத்துவதா என்பதில்தான் உண்மையான விவாதம் நடந்தது. எங்களுக்கு உதவிய எலெக்ட்ரீஷியன் சுவரையே வலியுறுத்தினார். சார்ஜர் சுவரில் இருந்தால் வண்டிக்குள் 12 வோல்ட் வயர் மட்டும் வரும். வீட்டு மின்சாரம் வண்டியின் உடலுக்கு அருகில் வரவே வராது. ரப்பர் டயர்களின் மேல் நிற்கும் வண்டியில் மின்கசிவு ஏற்பட்டால் உடல் முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும், தொடுபவர் வழியாகத்தான் அது தரைக்கு இறங்கும் என்று அவர் சொன்னது சரியான எச்சரிக்கை. நீளமான வயரில் மின்னழுத்தம் குறையும் என்று சிலர் சுவருக்கு எதிராகச் சொல்லும் வாதம் எடுபடாது. 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிர வயரில் போக ஐந்து மீட்டர், வர ஐந்து மீட்டர் என்றால் 4 ஆம்பியரில் அரை வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக இழக்கும், அதனால் சார்ஜ் ஏற நேரம் கூடும், அவ்வளவுதான்; பேட்டரி நிறைந்து 50 மில்லி ஆம்பியர் மட்டும் ஓடும்போது இழப்பு சில மில்லிவோல்ட்தான். ஒரே இடத்தில் நிற்கும் வண்டியாக இருந்தால் எலெக்ட்ரீஷியன் சொன்னபடியே செய்வது மேல்.

ஆனால் எங்கள் வேன் இரண்டு கொட்டகைகளில் மாறி மாறி நிற்பது. இரண்டு சுவர்களிலும் சார்ஜர் வைத்தாலும், மூன்றாவதாக ஓர் இடத்தில் அது நிற்கத் தொடங்கும் நாள் வராமல் போகாது. சார்ஜர் வண்டியோடு இருந்தால், பிளக் பாயிண்ட் உள்ள எந்த இடமும் போதும். தீயணைப்பு வண்டிகளிலும் ஆம்புலன்ஸ்களிலும் சார்ஜரை உள்ளே வைத்து வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் முறை நெடுநாளாக வழக்கத்தில் இருப்பதும் துணிவைத் தந்தது. எலெக்ட்ரீஷியனின் எச்சரிக்கையை ஒதுக்கிவிடாமல், அதற்குரிய பாதுகாப்புகளைச் செய்வது என்ற நிபந்தனையோடு உள்ளே பொருத்துவதென்று முடிவாயிற்று.

சார்ஜரின் அளவைப் பொறுத்தவரை, நாளுக்கு 0.77 ஆம்பியர்-மணியை ஈடுசெய்ய 1 ஆம்பியர் சார்ஜர்கூட அதிகம்தான். பாதி காலியான பேட்டரியை ஓர் இரவு, ஒரு பகலுக்குள் மீட்கவும் முடிய வேண்டும் என்பதற்காக 4 ஆம்பியர் எடுத்தோம். அளவைவிட முக்கியம், அது பல கட்டங்களில் இயங்குவதாக இருப்பது. முதலில் முழு மின்னோட்டம்; 14.4 வோல்ட் வந்ததும் அதே அழுத்தத்தைத் தக்கவைத்து மின்னோட்டம் தானாகக் குறையும்வரை காத்திருத்தல், பிறகு 13.6 வோல்ட் அளவில், நிறைந்த பேட்டரியை நிறைந்தபடியே வைத்திருக்கும் ஃப்ளோட் நிலைக்கு இறங்குதல். இப்படி இறங்காத சாதாரண சார்ஜரை மாதக்கணக்கில் மாட்டிவைத்தால் அது பேட்டரியிலுள்ள தண்ணீரை வாயுவாக்கி வற்றச் செய்துவிடும். சில சார்ஜர்களில் பேட்டரியைப் புதுப்பிப்பதாகச் சொல்லும் ஒரு நிலை உண்டு, அதில் மின்னழுத்தம் 16 வோல்ட்டை நெருங்கும். வண்டியின் மின்னணு அலகுகள் இணைந்திருக்கும்போது அதைப் பயன்படுத்தவே கூடாது என்பதால் அந்தப் பொத்தானின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டினோம்.

பொருத்திய விதம்

இந்த வேனில் பேட்டரி இருப்பது பானட்டுக்குள் அல்ல, முன் பயணி இருக்கையின் அடியில். இதில் ஒரு நன்மை, எஞ்சின் சூடு சார்ஜரைத் தாக்காது. எஞ்சின் அறைக்குள் சார்ஜரை வைப்பவர்கள் அது தாங்கும் வெப்ப அளவைப் பார்க்காமல் வைப்பதே பல சார்ஜர்கள் விரைவில் போவதற்குக் காரணம். ஒரு தீமையும் உண்டு. சார்ஜ் ஏறும்போது, குறிப்பாக 14.4 வோல்ட்டுக்கு மேல், பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், காற்றில் அது 4 விழுக்காட்டை எட்டினாலே பற்றக்கூடியது. பயணிகள் அறைக்குள் உள்ள பேட்டரிக்கு வாயுவை வெளியே விடும் ஒரு மெல்லிய குழாய் இருக்க வேண்டும். இருக்கையைத் தூக்கியபோது அந்தக் குழாய் எதிலும் மாட்டப்படாமல் தரையில் கிடந்தது. பேட்டரி மாற்றியவர் யாரோ விட்டுவிட்டுப் போயிருக்கிறார். சார்ஜர் வேலை எதையும் தொடங்குவதற்கு முன் அதை மாட்டி, மறுமுனை அடைபடாமல் தரைக்கடியில் திறந்திருப்பதை உறுதி செய்தோம். இந்த ஆய்விலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துச் செல்வதாக இருந்தால் அது இந்தக் குழாயாக இருக்கட்டும் என்று நினைக்கிறேன்.

வேலைக்கு முன் நெகட்டிவ் டெர்மினலை முதலில் கழற்றினோம், முடிவில் அதையே கடைசியாக மாட்டினோம். சார்ஜரின் பாசிட்டிவ் வயர் பேட்டரியின் பாசிட்டிவ் டெர்மினல் போல்ட்டில் லக் எனும் உலோக வளைய முனை வைத்துப் பிணைக்கப்பட்டது. அதிலிருந்து 15 சென்டிமீட்டருக்குள் 7.5 ஆம்பியர் ஃபியூஸ். சார்ஜரால் 4 ஆம்பியருக்கு மேல் கொடுக்க முடியாது, பிறகு ஃபியூஸ் எதற்கு என்று உதவியாளர் கேட்டார். ஃபியூஸ் சார்ஜருக்காக அல்ல. வயர் எங்காவது உரசி உடலில் பட்டால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அந்த வயர் வழியாகக் கொட்டும். வயர் தீப்பிடிப்பதற்கு முன் அறுந்துபோவதற்காகத்தான் அது இருக்கிறது. அதனால்தான் அது சார்ஜர் பக்கம் இல்லாமல் பேட்டரி பக்கம் இருக்க வேண்டும்.

நெகட்டிவ் வயரில் வேறொரு நுட்பம் இருந்தது. இந்த வண்டியின் நெகட்டிவ் டெர்மினலில் ஒரு சிறிய சென்சார் உண்டு. பேட்டரிக்குள் போவதையும் வெளியே வருவதையும் அது எண்ணிக்கொண்டிருக்கும், அந்த எண்ணிக்கையை வைத்து வண்டி ஆல்டர்னேட்டரைக் கட்டுப்படுத்தும். சார்ஜரின் நெகட்டிவை நேரடியாக டெர்மினலில் கொடுத்தால் ஏறும் மின்சாரம் சென்சாருக்குத் தெரியாமல் போய்விடும். போனது மட்டும் எண்ணப்படும், வந்தது எண்ணப்படாது. எனவே சென்சாருக்கு அப்பால், வண்டியின் எர்த் வயர் உடலில் இறுகும் போல்ட்டில் சார்ஜரின் நெகட்டிவைக் கொடுத்தோம். பெயின்டைச் சுரண்டி, இறுக்கிய பின் துரு பிடிக்காமல் கிரீஸ் பூசினோம்.

வீட்டு மின்சாரம் வரும் பக்கத்தை எலெக்ட்ரீஷியனே செய்தார். மூன்று இழை கொண்ட, இரட்டை உறையுள்ள நெகிழும் கேபிள். வீட்டுச் சுவருக்குள் போடும் ஒற்றைக் கம்பி வயர் வண்டியின் அதிர்வில் நாளடைவில் முறிந்துவிடும் என்பதால் அது தவிர்க்கப்பட்டது. தகட்டைத் துளைத்துச் செல்லும் இடத்தில் ரப்பர் வளையம், மற்ற இடங்களில் பாதுகாப்புக் குழாய். சார்ஜர் தன்னளவில் இரட்டைக் காப்பு உடையது, எர்த் தேவைப்படாதது. இருந்தும், வெளியிலிருந்து மின்சாரத்தை வண்டிக்குள் வாங்கும் பிளக்கின் எர்த் முனையை வண்டியின் உடலோடு தனி வயரால் பிணைத்தோம், கேபிள் எங்காவது உரசி உடலில் பட்டால் அந்த எர்த் வழியாகக் கசிவு ஓடி, கொட்டகையில் உள்ள 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவை உணர்ந்து மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) உடனே துண்டிக்க வேண்டும் என்பதற்காக. இரண்டு கொட்டகைகளில் ஒன்றில் ஆர்.சி.சி.பி. இல்லவே இல்லை, அதைப் பொருத்தும்வரை அங்கே பிளக் மாட்ட அனுமதிக்கவில்லை. கடைசியில் சார்ஜரைக் கழற்றி வைத்துவிட்டு காப்பை அளக்கும் கருவியான மெகரால் கேபிளின் காப்பைச் சோதித்த பிறகே மின்சாரம் கொடுக்கப்பட்டது.

பிளக்கோடு வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடுவது இத்தகைய அமைப்பில் எதிர்பார்க்க வேண்டிய விபத்து. தீயணைப்பு வண்டிகளில் ஸ்டார்ட் செய்ததும் பிளக்கைத் தானே வெளியே தள்ளும் அமைப்பு உண்டு. எங்களுக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. இரண்டு கொட்டகைகளிலும் வேன் முகம் சுவரைப் பார்த்து நிற்கும், பின்னால் எடுத்துத்தான் வெளியேற வேண்டும். ஆகவே உள்வாங்கும் பிளக்கை முன் பம்பரில் நேராக முன்னோக்கி வைத்தோம்; மறந்து பின்னால் எடுத்தாலும் பிளக் வளையாமல் நேராக உருவிக்கொண்டு வரும். அதோடு, கேபிள் ஓட்டுநர் கதவின் கைப்பிடி வழியாக வந்து பிறகு பம்பருக்குப் போகும்படி ஒரு கொக்கி. கேபிளை எடுக்காமல் கதவைத் திறக்க முடியாது. இந்தக் கொக்கியைச் சொன்னவர் வண்டியின் ஓட்டுநர்தான். அமைப்பு முழுவதிலும் மிக மலிவான பகுதியும், இன்றுவரை ஒருமுறைகூடத் தவறாத பகுதியும் அதுவே.

சார்ஜரும் மறந்தது

பொருத்திய முதல் மாதச் சோதனையில் பேட்டரி 12.38 வோல்ட் காட்டியது. நிறைந்திருக்க வேண்டிய பேட்டரி முக்கால் பங்குக்கும் கீழே இறங்கியிருந்தது. பிளக் மாட்டியிருந்தது, சுவிட்ச் போட்டிருந்தது, சார்ஜரில் விளக்கும் எரிந்தது. உற்றுப் பார்த்தபோதுதான் எரிவது சார்ஜ் விளக்கு அல்ல, காத்திருப்பு விளக்கு என்று தெரிந்தது. அந்த சார்ஜரில் பேட்டரி வகையைப் பொத்தான் அழுத்தித் தேர்ந்தெடுக்க வேண்டும். மின்சாரம் போய்த் திரும்பினால் தேர்வு மறைந்துவிடும், யாராவது வந்து மீண்டும் அழுத்தும்வரை அது சும்மா காத்திருக்கும். காத்திருக்கும்போது பேட்டரியிலிருந்தே 6 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொண்டும் இருந்தது. வண்டியின் 28, இதன் 6, பேட்டரியின் சொந்த இழப்பு எல்லாம் சேர்ந்து நாளுக்கு 0.92 ஆம்பியர்-மணி, முக்காலுக்குச் சற்றுக் கீழே இறங்க 22 ஆம்பியர்-மணி போயிருக்க வேண்டும் என்று வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால் 24 நாள் வந்தது. காவலாளியின் பதிவேட்டைப் புரட்டினால், சரியாக 24 நாளுக்கு முன் நெடுநேர மின்வெட்டு ஒன்று குறிக்கப்பட்டிருந்தது.

மனித மறதிக்கு மாற்றாக வைத்த கருவி, மின்சாரம் நின்றால் தானும் மறந்துவிடும் என்பதை விற்பனை அட்டையில் எங்கும் எழுதியிருக்கவில்லை. நானும் வாங்குவதற்கு முன் கேட்கவில்லை. கையில் எடுத்துச் சென்று மாட்டிக் கழற்றும் வேலைக்கு அது நல்ல சார்ஜர்தான், அதனால் அலமாரிக்குப் போயிற்று. அடுத்து வாங்கியதை வண்டியில் பொருத்துவதற்கு முன் மேசையில் வைத்து, ஒரு பேட்டரியில் மாட்டி, மின்சாரத்தை ஐந்து முறை நிறுத்திக் கொடுத்துப் பார்த்தோம். ஐந்து முறையும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. மின்சாரம் இல்லாதபோது அது பேட்டரியிலிருந்து எடுப்பது 1 மில்லி ஆம்பியருக்கும் குறைவு.

புதிய சார்ஜரில் வெப்பநிலை உணரும் ஒரு வயரும் இருந்தது. 13.6 வோல்ட் என்பது 25 டிகிரிக்கு உரிய அளவு. வெப்பம் ஏறினால் அதே அழுத்தம் மிகையாகும், குளிர்ந்தால் போதாது. டிகிரிக்கு ஏறத்தாழ 20 மில்லிவோல்ட் வீதம் மாற்ற வேண்டும். மூடிய கொட்டகையில் 40 டிகிரி இருக்கும் நாளில் சரியான அளவு 13.3 வோல்ட்தான். சில நாள் வேறுபாட்டால் ஒன்றும் ஆகிவிடாது, ஆனால் ஆண்டு முழுவதும் மாட்டியிருக்கும் சார்ஜரில் அந்த 0.3 வோல்ட் தண்ணீரையும் பாசிட்டிவ் தகட்டையும் மெல்ல அரித்துவிடும். உணர்வியைப் பேட்டரியின் பக்கவாட்டில் ஒட்டினோம்.

பிறகு கண்டவை

அடுத்த எட்டு மாதங்களில் வேன் ஆறு முறை வெளியே போனது, ஆறு முறையும் முதல் சுழற்சியிலேயே ஸ்டார்ட் ஆனது. பிளக்கை எடுத்துச் சில மணி நேரம் விட்டு அளந்தால் 12.7 வோல்ட்; எடுத்தவுடன் அளந்தால் தகடுகளின் மேற்பரப்பில் மட்டும் தங்கியிருக்கும் சார்ஜால் 13க்கு மேல் காட்டும், அதை நம்பக் கூடாது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது மின்னழுத்தம் முன்பு 8.9 வரை விழுந்தது, இப்போது 10.4க்குக் கீழே போவதில்லை. ஃப்ளோட் நிலையில் சார்ஜர் எடுப்பது 3 வாட் அளவு, ஆண்டுக்கு 26 யூனிட். செல்களில் தண்ணீர் மட்டம் சிறிது இறங்கியிருந்தது, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிச் சரிசெய்தோம்.

கருத்தில் கொள்ள வேண்டிய குறை ஒன்று உண்டு. சார்ஜர் பேட்டரியை நிறைத்து வைக்கிறது. அந்தப் பேட்டரி எவ்வளவு கொள்கிறது என்பதை அது சொல்வதில்லை. பாதிக் கொள்ளளவை இழந்த பேட்டரியும் ஃப்ளோட்டில் 13.6 வோல்ட்தான் காட்டும், பச்சை விளக்குதான் எரியும். எனவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பேட்டரியிலிருந்து அதிக மின்னோட்டத்தை இழுத்துப் பார்க்கும் லோட் டெஸ்டரால் சோதிப்பது பட்டியலில் சேர்க்கப்பட்டது.

எட்டாம் மாதத்தில் கண்டது இதைவிடக் கூர்மையானது. வேறொரு வேலைக்காகக் கையிலிருந்த கிளாம்ப் மீட்டரை, ஏதோ ஓர் ஆர்வத்தில் சார்ஜரின் வயரில் மாட்டிப் பார்த்தேன். வண்டி பூட்டி உறங்கிய நிலையில், பேட்டரி நிறைந்திருக்கும்போது 0.07 ஆம்பியர் அளவு ஓட வேண்டும், 0.48 ஓடிக்கொண்டிருந்தது. பின்பகுதியில் சரக்குப் பெட்டிகளை அடுக்கியபோது, கூரை விளக்கின் சுவிட்ச் எப்போதும் எரியும் நிலைக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. பெட்டிகள் மறைத்ததால் வெளியே வெளிச்சம் தெரியவில்லை. ஐந்து வாட் விளக்கு, நாளுக்கு ஏறத்தாழ 10 ஆம்பியர்-மணி. சார்ஜர் இல்லாதிருந்தால் ஒரே வாரத்தில் வண்டி படுத்திருக்கும், நாங்களும் தேடிக் கண்டுபிடித்திருப்போம். சார்ஜர் இருந்ததால் எத்தனை வாரம் எரிந்தது என்றே தெரியவில்லை. அந்த நிலையில் வேனை வெளியூரில் பிளக் இல்லாத இடத்தில் நான்கைந்து நாள் நிறுத்தியிருந்தால், பழைய புகார் அப்படியே திரும்பியிருக்கும்.

அன்றிலிருந்து வண்டியின் பதிவேட்டில் மின்னழுத்தத்துக்கு அடுத்து ஒரு பத்தி சேர்ந்திருக்கிறது: பூட்டி 40 நிமிடம் கழித்து சார்ஜர் வயரில் ஓடும் ஆம்பியர். அது 0.1ஐத் தாண்டினால், எங்கே போகிறது என்று கண்டுபிடிக்காமல் வண்டி கொட்டகையை விட்டுக் கிளம்புவதில்லை.